பார்ட்டிஷன் அறையில் வாடகை, கையில் காலி செய்யும் நோட்டீஸ்: எதை முதலில் செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில் மூன்று அறைக் கொண்டோவை ஜிப்சம் பலகையால் தடுத்து ஏழு அறையாக்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் அலுவலகத்துக்கென்று அனுமதி வாங்கிய கடைவீட்டு மாடியில் குடும்பங்கள் இருக்கும். பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு வாடகை வீட்டை எடுத்தவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருப்பார். வாடகை போய்க்கொண்டிருக்கும் வரை யாரும் எதையும் கேட்பதில்லை. பிறகு ஒரு நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வரும்: "இந்த வீட்டுக்குப் பெர்மிட் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணுங்க."

இந்தச் செய்தியைப் பார்த்ததும் சிலர் டெபாசிட்டை மறந்து இரவோடு இரவாக மூட்டை கட்டுகிறார்கள். வேறு சிலர் "சட்டவிரோத வீட்டுக்கு எதற்கு வாடகை?" என்று கட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டிலும் பணம் போகும். இரண்டாவதில் வழக்கும் சேர்ந்து வரும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முக்கியமாக, 8-ஆம் படியை 3-ஆம் படிக்கு முன்னால் செய்துவிடாதீர்கள்.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உங்கள் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தச் சட்டம் 1950, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950, குடிமைச் சட்டம் 1956 போன்றவற்றில் சிதறிக் கிடக்கிறது. பினாங்கில் பெரியவர்கள் இன்னும் சொல்லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தானது. அதை நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

1. வீடு எந்த வகையில் சட்டவிரோதம் என்று பாருங்கள்

"இல்லீகல் வீடு" என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு நிலைமைகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது எல்லாம்.

முதல் வகை, அனுமதியில்லாத தடுப்பு. வீடு சட்டப்படியானதுதான், உள்ளே போட்ட சுவர்தான் பிரச்சினை. விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பது போன்ற ஓசை வந்தால் ஜிப்சமோ பிளைவுட்டோ. சீலிங் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்க்க முடிந்தால், தடுப்பு மேல்தளம் வரை போகிறதா, பலகையோடு நின்றுவிடுகிறதா என்று தெரியும். ஒரே சன்னலை இரண்டு அறைகள் பாதிபாதியாகப் பங்கிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டேப் எடுத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீரான கட்டட துணைச்சட்டங்கள் 1984-இன்படி வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்ற அறைகள் ஒவ்வொன்றும் 6.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் குறைந்தது 2 மீட்டர். வெளிச்சத்துக்கான சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும். 1.8 மீட்டருக்கு 2.4 மீட்டர் என்று ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் மட்டும் நுழையும் அறை 4.32 சதுர மீட்டர்தான். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 9-ஆம் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது வகை, குடியிருப்புக்கு அனுமதியில்லாத கட்டடம்: கடைவீட்டு மாடி, தொழிற்சாலைக் கட்டடம் போன்றவை. மூன்றாவது, நிறைவுச் சான்றிதழே இல்லாத கட்டடம். 2007 ஏப்ரல் முதல் இதை சிசிசி என்கிறார்கள், அதற்கு முன் சிஎஃப். மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் 70-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் குடியிருப்பதும் குற்றம். உச்சத் தண்டனை 250,000 ரிங்கிட் அபராதம், 10 ஆண்டுச் சிறை. நடவடிக்கை பெரும்பாலும் உரிமையாளர் மீதுதான் போகும் என்றாலும், அங்கே உரிமைப் போராட்டம் நடத்துவதைவிடப் பணத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வெளியேறுவதே புத்திசாலித்தனம்.

நான்காவது, வீடு சரியாக இருக்கிறது, விட்டவருக்குத்தான் விட உரிமையில்லை. பிபிஆர் உள்வாடகை, உரிமையாளருக்குத் தெரியாமல் முதல் வாடகைதாரர் அறை அறையாக விடுவது எல்லாம் இதில் அடங்கும். கோலாலம்பூர் பிபிஆரின் மாத வாடகை 124 ரிங்கிட். உங்களிடம் 500 வாங்குகிறவர் அந்த வித்தியாசத்தில்தான் சம்பாதிக்கிறார்.

வாடகை உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டு, வீட்டை முதலாளியே ஏற்பாடு செய்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கில்லை. அது தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 446-இன்கீழ் வரும். நேரே ஆள்பலத் துறைக்குப் போங்கள்.

2. காலி செய்யச் சொல்வது யார்?

வாடகை வாங்கியவரே சொன்னால், அவர் மேல் ஒப்பந்தமும் சட்டமும் பொருந்தும். 4 முதல் 7 வரையுள்ள படிகள் அவருக்கானவை.

யாரென்றே தெரியாத ஒருவர் வந்து "நான்தான் ஓனர்" என்றால், மதிப்பீட்டு வரி பில்லையோ நிலப் பட்டாவையோ காட்டச் சொல்லுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடல் செய்தாலும் பெயர் கிடைக்கும். அவர் உண்மையான உரிமையாளர், உங்களுக்கு விட்டவர் இடையில் இருந்த வாடகைதாரர் என்று தெரிந்தால் உங்கள் கால் வழுக்கும் இடத்தில் நிற்கிறது. இதை 7-ஆம் படியில் பார்ப்போம். இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி வாடகை கட்டாதீர்கள். யாருக்குக் கட்ட வேண்டும் என்று இருவரையும் எழுத்தில் கேளுங்கள்.

கட்டட மேனேஜ்மெண்டுக்கு உங்களை வெளியேற்றும் அதிகாரம் இல்லை. உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தால் உங்கள் நுழைவு அட்டையை முடக்கலாம், வசதிகளைத் தடுக்கலாம், உள்ளே வெளியே போகப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கலாம். அட்டையைத் திரும்ப இயக்க 50 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. கார்டு வேலை செய்யாததை வெளியேற்றம் என்று எண்ணிப் பயந்து போகிறவர்கள் நிறைய. காவலரிடம் பதிவேட்டைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கோலாலம்பூர் மாநகர் மன்றம், பினாங்குத் தீவில் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி: இந்த மாநகர் மன்றங்கள் ஒட்டும் நோட்டீஸ் தனி ரகம். அதற்கு 8-ஆம் படி.

3. முதல் நாளே ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள்

பதில் எழுதுவதற்கு முன் இதை முடித்தாக வேண்டும். சண்டை தொடங்கிய மறுநாள் ஏஜெண்ட் செய்திகளை அழிப்பார், குழுவிலிருந்து உங்களை நீக்குவார், விளம்பரத்தை எடுத்துவிடுவார்.

புலன உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் எடுத்தால் முன்பின் அறுந்து போகும். வாடகை போன வங்கிக் கணக்கின் பெயர் தெரியும்படி ரசீதுகளை இறக்கி வையுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பணம் போனது வேறு பெயருக்கு என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள். அறை விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் தேதியோடு சேமியுங்கள். அறையின் நான்கு மூலை, தடுப்பு, சன்னல், பூட்டு, உங்கள் அறைக்கான மின் துணைமீட்டர் காட்டும் எண் எல்லாவற்றையும் ஒரே காணொளியில் பேசிக்கொண்டே எடுங்கள்.

ரொக்கமாகவே கொடுத்து வந்தவர்கள் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, மார்ச் மாத வாடகை 650 வெள்ளி 3-ஆம் தேதி உங்க கையில கொடுத்தேன், டெபாசிட் 1,300 உங்ககிட்டதான் இருக்கு, சரிதானே?" அவர் "ஆமா" என்றாலே அது ரசீதுதான். மிரட்டல் தொனி இல்லாமல் கேட்டால்தான் பதில் வரும்.

பிறகு ஒப்பந்தத்தைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா? முத்திரைச் சட்டம் 1949-இன் 52-ஆம் பிரிவுப்படி தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. உரிமையாளர் கட்டவில்லை என்றால் நீங்களே உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையதளத்தில் கட்டலாம். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு கட்டலாம். ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். மாதம் 650 என்றால் ஆண்டுக்கு 7,800. 250-ஆல் வகுத்தால் 31.2, மேல்நோக்கி முழுமையாக்கினால் 32 ரிங்கிட். 2025 ஜனவரிக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தமாக இருந்தால் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு உண்டு, 22 ரிங்கிட்தான் வரும்.

எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் வாடகைதாரர் இல்லை என்று ஆகிவிடாது. மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்கியதே மாத வாடகை ஏற்பாட்டைக் காட்டும். அதை முடிக்க ஒரு முழு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்பதுதான் வழக்கமான நிலைப்பாடு.

4. வாடகையை நிறுத்தாதீர்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான். அனுமதியில்லாத தடுப்புச் சுவர் இருப்பதாலேயே வாடகை ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போவதில்லை. அது செல்லுமா செல்லாதா என்று சொல்ல வேண்டியவர் நீதிபதி. அதுவரை வாடகை பாக்கி உங்கள் தலையில் ஏறிக்கொண்டே போகும். "வெளியேறச் சொல்லக் காரணமில்லை" என்று நீங்கள் வாதாட இருந்த இடத்தில், உரிமையாளருக்கு நல்ல காரணம் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.

இன்னும் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று, பறிமுதல் சட்டம் 1951. உரிமையாளர் உங்களுக்குத் தெரிவிக்காமலே நீதிமன்றம் போய், 12 மாத பாக்கி வரை ஈடுகட்ட உங்கள் பொருட்களைக் கைப்பற்ற ஆணை வாங்கலாம். உடுதுணியையும் படுக்கையையும் தொட முடியாது. டிவி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் போகும். "கட்டாதே" என்று முகநூலில் அறிவுரை சொன்னவர் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

மற்றது, குடிமைச் சட்டம் 1956-இன் 28(4)-ஆம் பிரிவு. வாடகைக் காலம் முறைப்படி முடிந்த பிறகும் நீங்கள் தங்கியிருந்தால் இரட்டை வாடகை கேட்கலாம். 650 ரிங்கிட் அறைக்கு மாதம் 1,300. மூன்று மாதம் இழுத்தால் 3,900, டெபாசிட் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே சண்டை போட எடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு என்பதைக் கணக்கில் வைத்துத்தான் தங்குவதா போவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

உரிமையாளர் வாங்க மறுத்தால்? வழக்கமான கணக்கிலேயே, வழக்கமான தேதியில் அனுப்புங்கள். குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். கணக்கு மூடப்பட்டிருந்தால் தோல்வியடைந்த பரிமாற்றத்தின் படத்தை வைத்துக்கொண்டு, பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, "தயாராக இருக்கிறது, எங்கே கட்ட?" என்று எழுதுங்கள். "கடைசி மாதத்தை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் சரி.

5. எழுத்தில் பதில் கொடுங்கள்

தொலைபேசியில் பேசித் தீர்க்கப் போனால் பெரும்பாலும் "சரி, பார்க்கிறேன்" என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவீர்கள். பிறகு அதையே "அவரே காலி செய்ய ஒத்துக்கொண்டார்" என்பார்கள். அழைப்பு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். உரிமையாளருக்கு எந்த மொழி தெரியுமோ அதில், முடிந்தால் மலாயில் எழுதுங்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சும்.

உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

"நான் இந்த முகவரியில் இந்தத் தேதி முதல் மாதம் இவ்வளவு வாடகைக்குக் குடியிருக்கிறேன். இந்த மாதம் வரை வாடகை கட்டியாகிவிட்டது. டெபாசிட் இவ்வளவு உங்களிடம் உள்ளது. இன்ன தேதியில் காலி செய்யச் சொல்லிச் செய்தி அனுப்பினீர்கள். வீட்டுக்கு அனுமதியில்லை என்பது வாடகைக்கு எடுக்கும்போது எனக்குச் சொல்லப்படவில்லை. நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டை மாற்றவோ, மின்சாரம், நீரைத் துண்டிக்கவோ, என் பொருட்களை அகற்றவோ நான் சம்மதிக்கவில்லை. டெபாசிட் முழுவதும், இடமாற்றச் செலவாக இவ்வளவும் கொடுத்தால் இன்ன தேதிக்குள் சாவியை ஒப்படைக்கத் தயார்."

கடைசி வரிதான் இதில் முக்கியம். அனுமதியில்லாத வீட்டில் காலம் முழுக்க இருக்கப் போவதில்லை. உரிமையாளருக்கும் நீதிமன்றத்தில் தன் தடுப்புச் சுவரைப் பற்றிப் பேச விருப்பமிருக்காது. அந்த இடத்தில்தான் பேரம் நடக்கிறது. நியாயமான தொகையும் நியாயமான தேதியும் சொன்னால் பாதிக்குப் பாதி இங்கேயே முடியும். ஐந்து மாத வாடகையை நஷ்டஈடாகக் கேட்டால் கடிதம் குப்பைக்குப் போகும்.

"சொல்லப்படவில்லை" என்ற வரியை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு. இரு தரப்பும் தெரிந்தே செய்திருந்தால் நீதிமன்றத்தின் அனுதாபம் வெகுவாகக் குறையும். அறை எடுக்கும் நாளில் "பெர்மிட் இல்லாட்டி பரவாயில்லண்ணா, வாடகையைக் கொறைங்க" என்று நீங்கள் அனுப்பிய செய்தி அவரிடமும் இருக்கும்.

அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "சுய விருப்பத்தில் வெளியேறுகிறேன், கோரிக்கை எதுவும் இல்லை" என்ற வரி பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

6. பூட்டை மாற்றினால், கரண்டை வெட்டினால்

குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2)-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது: வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் தொடர்ந்து குடியிருந்தால், இடத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற நடவடிக்கை தவிர வேறு வழியில்லை. 8-ஆம் பிரிவு, சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறது. "வாடகை தவறினால் உரிமையாளர் உள்ளே நுழைந்து பூட்டலாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அதை நம்பிப் பூட்டை மாற்றுகிறவர் நீதிமன்றத்தில் 7(2)-க்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. இந்தப் பிரிவு வாடகைதாரருக்கானது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கியிருப்பவர், அல்லது "லைசென்ஸ்" என்று தலைப்பிட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர், வாடகைதாரர் அல்ல, அனுமதியில் தங்குபவர்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். தலைப்பை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. அறைக்குத் தனிப்பூட்டு உண்டா, உரிமையாளர் கேட்காமல் உள்ளே வருவாரா என்பதையும் பார்க்கும். ஆகவே 3-ஆம் படியில் பூட்டைப் படமெடுக்கச் சொன்னது சும்மா இல்லை.

வீடு திரும்பும்போது சாவி நுழையவில்லை என்றால்:

நீங்களே உடைக்காதீர்கள். கதவையும் புதுப் பூட்டையும் வெளியில் கிடக்கும் பொருட்களையும் படமெடுங்கள். உரிமையாளருக்கு "மருந்து, அடையாள ஆவணம், வேலைக் கருவிகள் உள்ளே இருக்கின்றன, இன்று இத்தனை மணிக்குள் திறந்துவிடுங்கள்" என்று எழுதுங்கள். அந்தப் பதிலோ மௌனமோ இரண்டும் சாட்சிதான்.

அடுத்து அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார். "இது சிவில் கேஸ், நீங்க லாயரைப் பாருங்க" என்பார்கள். புகாரைப் பதியும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். காவலர் கதவைத் திறந்துவிடுவார் என்பதற்காக இல்லை. எந்த நாள், எந்த மணி என்ற பதிவு பின்னால் வழக்கில் உதவும். மிரட்டல், அடிதடி, பொருள் உடைப்பு, திருட்டு இருந்தால் அது குற்றவியல். அந்த வார்த்தைகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடப்பிதழை உரிமையாளரோ ஏஜெண்டோ பிடித்து வைத்திருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். பிறருடைய கடப்பிதழைச் சட்டப்பூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது கடப்பிதழ்ச் சட்டம் 1966-இன்கீழ் குற்றம்.

கரண்ட் வெட்டப்பட்டால் முதலில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் வெட்டியதா, உரிமையாளர் துணைமீட்டரை அணைத்தாரா என்று பாருங்கள். பக்கத்து அறையில் விளக்கு எரிந்தால் விடை தெரிந்துவிடும். பில் பாக்கியால் வெட்டியிருந்தால், நீங்கள் கொடுத்த மின்கட்டணத்தின் ரசீதுகளோடு உரிமையாளருக்கு எழுதுங்கள். துணைமீட்டரை நீங்களே திறந்து இணைக்க வேண்டாம். மீட்டரில் கைவைத்த குற்றச்சாட்டு உங்கள் பக்கம் திரும்பும், அந்த மெல்லிய பலகைச் சுவர்களுக்குள் தீயும் பரவும்.

மீண்டும் உள்ளே விட உடனடித் தடையாணை வேண்டுமென்றால் வழக்குரைஞர் தேவை. வசதியில்லாதவர்கள் வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. போகும்போது ஒப்பந்தம், ரசீது, புகார் நகல், புலன உரையாடலின் அச்சுப்படி நான்கையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள். கதை சொல்லியே நேரம் போய்விட்டால் ஆலோசனைக்கு நேரமிருக்காது.

7. நீதிமன்றக் காகிதம் வந்தால்

வழக்குரைஞர் கடிதம் வேறு, வழக்குத் தொடங்கியதைச் சொல்லும் நீதிமன்ற ரிட் வேறு. முன்னது கோரிக்கை. பின்னதில் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் இருக்கும். ரிட் கைக்கு வந்த நாளைக் காகிதத்தின் மேலேயே எழுதுங்கள். அன்றிலிருந்து 14 நாளுக்குள், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று தெரிவிக்கும் வருகைக் குறிப்பு தாக்கல் செய்ய வேண்டும், பிறகு எதிர்வாதம். அந்த 14 நாளைத் தவறவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க, தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 30 நாள்.

காகிதத்தை வாங்க மறுத்து ஒளிந்துகொள்வதால் எதுவும் நிற்காது. நீதிமன்றம் கதவில் ஒட்டவோ நாளிதழில் போடவோ அனுமதிக்கும். அதன் செலவும் உங்கள் கணக்கில் சேரும்.

நீதிமன்ற விதிகளில் உள்ள ஆணை 89 என்று தலைப்பில் பார்த்தால் உடனே வழக்குரைஞரிடம் ஓடுங்கள். அது அனுமதியின்றிக் குடியேறியவர்களை விரைவாக வெளியேற்றும் வழி. வாடகைக் காலம் முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைதாரருக்கு எதிராக அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் உங்களுக்கு விட்டவர் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் விட்ட இடைத்தரகர் என்றால், உரிமையாளர் உங்களை வாடகைதாரராகவே ஏற்காமல் இந்த வழியில் வருவார். அங்கே உங்கள் கையிலிருக்கும் நல்ல சீட்டு ஒன்றுதான்: உரிமையாளருக்கு நீங்கள் இருப்பது தெரியும், அவர் வாடகையையும் வாங்கியிருக்கிறார் என்பதற்கான சாட்சி.

தீர்ப்பு எதிராக வந்தாலும் உரிமையாளர் நேரே வந்து இழுத்துப் போட முடியாது. உடைமை ஆணை வாங்கி, நீதிமன்ற பெய்லிஃப் (ஆணையை நிறைவேற்றும் அலுவலர்) வந்துதான் நிறைவேற்றுவார். அந்த நிலைக்கு வராமல், விசாரணை நாளில் "இத்தனை வாரம் தந்தால் போய்விடுகிறேன்" என்று சம்மதத் தீர்ப்பு கேட்பது பெரும்பாலோருக்கு நல்லது.

8. மாநகர் மன்றம்: எப்போது போவது, எப்போது போகாமலிருப்பது

கோபத்தில் பலர் முதலில் செய்வது மாநகர் மன்றத்தில் புகார் கொடுப்பதுதான். புகார் நியாயமானது. ஆனால் அதன் விளைவு உங்கள் தலைமேல் விழும். அதிகாரிகள் வந்து பார்த்தால் தடுப்பை இடிக்கச் சொல்வார்கள், இடிபடுவது உங்கள் அறை. உரிமையாளருக்கும் "மன்றம் சொன்னது, நான் என்ன செய்ய" என்று நல்ல சாக்கு கிடைக்கும். 7(2)-ஆம் பிரிவு மன்றத்தின் நடவடிக்கையைத் தடுக்காது.

மாற்று இடம் கிடைத்த பிறகு, அல்லது டெபாசிட் பேச்சு முறிந்த பிறகு புகார் கொடுங்கள். ஒரே விதிவிலக்கு உயிராபத்து: வெளியேறும் வழியில் பூட்டிய இரும்புக் கதவு, தீப்பொறி பறக்கும் வயர், சன்னலே இல்லாத அறை. அப்போது கணக்குப் பார்க்காமல் மன்றத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிட்டு அன்றே வெளியில் தங்குங்கள்.

மன்றமே முந்திக்கொண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். நோட்டீசில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நேரில் போய், குடியிருப்பவர் என்ற முறையில் வெளியேற அவகாசம் எழுத்தில் கேளுங்கள். நோட்டீசைக் கிழித்துவிடாதீர்கள். வீடு சட்டவிரோதமானது என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சி அதுதான்.

பிபிஆர் உள்வாடகைக்காரர்கள் மன்றத்திடம் "இதே வீட்டை என் பெயருக்கு மாற்றுங்கள்" என்று போவதால் பயனில்லை. தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். கொடுத்த டெபாசிட்டை வாங்கியவரிடமிருந்து கேட்பது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை.

9. டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது

பயனீட்டாளர் நீதிமன்றத்துக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். நிலம், அதிலுள்ள உரிமை சம்பந்தப்பட்ட கோரிக்கைகள் அதன் வரம்புக்கு வெளியே. போக வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு: 5,000 ரிங்கிட் வரை, வழக்குரைஞர் இல்லாமல் நீங்களே. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்குத் தீவில் லைட் ஸ்திரீட். படிவம் 198-ஐ நிரப்ப வேண்டும்.

படிவத்தில் உணர்ச்சிக் கதை வேண்டாம். யார், எவ்வளவு வாங்கினார், எந்தத் தேதி, ஏன் திருப்பித் தர வேண்டும் என்று நான்கைந்து வரி. இரண்டு மாத டெபாசிட் 1,300, மின்நீர் டெபாசிட் 325, முன்கூட்டிக் கட்டி அனுபவிக்காத 12 நாள் வாடகை 260 என்று பிரித்து, மொத்தம் 1,885 என எழுதுங்கள். அறை அளவு 4.32 சதுர மீட்டர், சட்டம் கேட்பது 6.5 என்ற வரி இங்கேதான் வருகிறது. அறையின் சட்டவிரோதத்தால்தான் வெளியேற நேர்ந்தது, உங்கள் தவறால் அல்ல என்று அது காட்டும்.

யார் மேல் வழக்கு என்பதில் தவறு நடக்கிறது. ஏஜெண்டின் செல்லப்பெயரைப் போட்டால் சமான் (நீதிமன்ற அழைப்பாணை) போய்ச் சேராது. ஒப்பந்தத்தில் உள்ள முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும், அல்லது நிறுவனமென்றால் பதிவு எண்ணும் முகவரியும் வேண்டும். பணம் வாங்கிய கணக்கின் பெயர் வேறாக இருந்தால் இருவரையும் சேருங்கள்.

10. சாவி கொடுக்கும் நாள்

அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டு, முதல் நாள் எடுத்தது போலவே ஒரு காணொளி. துணைமீட்டர் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆளிடம் கொடுத்து, "இன்ன தேதி, இத்தனை சாவி, ஓர் அட்டை பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தோ செய்தியோ வாங்குங்கள். சாவி திரும்பிய நாள்தான் இரட்டை வாடகைக் கணக்கு நிற்கும் நாள். ஆள் வரவில்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

டெபாசிட் கைக்கு வந்த பிறகு சாவி என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. பணம் அங்கேயே பரிமாறினால் சரி, இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வழக்குப் போடுவதுதான் மலிவு. டெபாசிட்டுக்கு 14 நாள் தவணை கொடுத்து எழுதுங்கள். ஒப்பந்தக் கோரிக்கைக்குச் சட்டம் 6 ஆண்டு தருகிறது என்றாலும், ஏஜெண்டின் தொலைபேசி எண் அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது. 15-ஆம் நாள் படிவம் 198-ஐத் தாக்கல் செய்யுங்கள்.